சமைக்காத மாமிசம், முப்பது சதவீதம்

முத்துமுனைத் துறைமுகத்தில் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதச் சுங்க வரி என்று சொல்வது வகைகாணி இயந்திரம்தான். பெட்டிக்குள் கதிர் பாய்ச்சி மூன்று நொடியில் சொல்லிவிடும். அதிகாரி ஒப்புதல் கொடுத்தால் அதே மாதிரிப் பொருள் அனைத்துக்கும் அந்த நொடியிலிருந்து அதுவே தீர்ப்பு. ஆட்சேப மனு ஒன்று விழுந்தால் மட்டும் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படும்.

சபீனாவின் குளிர்பெட்டியில் இருந்தது ஒரு சிறுநீரகம். அவள் கணவனின் உயிரணுவிலிருந்து வெளிநாட்டு ஆய்வகம் வளர்த்தது. மறுநாள் காலை அவனுக்கு அறுவை.

"விலங்கின் உள்ளுறுப்பு. சமைக்காத மாமிசம், முப்பது சதவீதம். ஆறு மணி முதல் ஒரு வாரம் உறைகிடங்கு," என்றது வகைகாணி.

"உறைய வெச்சா செத்துடும் சார். வரி எவ்வளவுன்னாலும் கட்டுறேன். இது மருந்து மாதிரி, மாமிசம் இல்ல."

அதிகாரி ஞானதுரை பரோட்டாவை ஈரல் வறுவலில் பிசைந்துகொண்டிருந்தார். வகைகாணியை மறுத்தால் விளக்கம் எழுத வேண்டும். பதினோரு வருடமாக ஒரு வரிகூட எழுதாத மனிதர், அதில் பெருமை வேறு. எண்ணெய் வழியும் விரலாலேயே ஒப்புதலை அழுத்தினார்.

"ஆட்சேபம் எழுதியிருக்கேன். இதையாவது வாங்கிக்கங்க."

"நாலு மணிக்கு மேல மனு வாங்குறதில்லம்மா," என்று ஏப்பம் விட்டார். அது அவரே போட்ட விதி. மணி நாலு ஐந்து.

ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பியவரை வெளிவாசல் வகைகாணி மறித்தது. குடித்துக் கெடுத்த ஈரலுக்குப் பதில், அதே ஆய்வகத்தில் வளர்த்த ஈரலைப் போன வருடம்தான் அவர் பொருத்திக்கொண்டிருந்தார்.

"விலங்கின் உள்ளுறுப்பு. சமைக்காத மாமிசம். பொதியிலிருந்து பிரிக்க இயலவில்லை. பொதியோடு உறைகிடங்கு."

இரும்புக் கைகள் அவரை வளைத்துப் பிடித்தன. மாலைப் பணிக்கு வந்த அதிகாரி திரையைப் பார்த்தார்.

"நீங்க குடுத்த ஒப்புதல்தான் சார். மறுத்தா நான் விளக்கம் எழுதணும்."

சபீனா இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அம்மா, அந்த மனுவைப் போடுங்க. உங்களுதும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்," என்று ஞானதுரை கெஞ்சினார்.

அவள் ஓடிப்போய் வகைகாணி இயக்கும் மனு ஜன்னலில் தாளை நீட்டினாள். ஜன்னல் திறக்கவில்லை. விதி போட்டவரின் குரலையே பதிந்து வைத்துக்கொள்வது வகைகாணியின் வழக்கம்.

"நாலு மணிக்கு மேல மனு வாங்குறதில்லம்மா," என்றது ஞானதுரையின் குரல். பின்னாலேயே ஏப்பமும் கேட்டது.