மூட்டைக்குள் தைத்த பெட்டி

சுருளியாண்டி முதலாளிக்குக் கட்ட வேண்டியது முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஐப்பசி மழையில், குமுளி மலைச்சாலை இறக்கத்தில், அவன் ஓட்டிவந்த லாரியிலிருந்து காணாமல்போன ஒரு மூட்டை ஏலக்காயின் விலை அது. பாதிச் சம்பளம் அதற்கே போனது. பொண்டாட்டி பூமாரி திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போனாள்.

திருட்டைப் பிடிக்கத்தான் முதலாளி மீரான் மைதீன் லாரியில் ஒரு ஜிபிஎஸ் பெட்டியும், மூட்டை ஒன்றுக்குள் இன்னொன்றும் வைத்துத் தைத்திருந்தார். கம்பத்துக் கடையின் கம்ப்யூட்டரில் இரண்டும் புள்ளிகளாக நகரும். தொலைந்ததோ அந்த மூட்டையேதான். அன்றைக்கே அதன் புள்ளி அணைந்துபோனது.

இப்போது தை மாதம். பொழுது சாயும் நேரம், மலையெல்லாம் மூடுபனி. அதே இறக்கத்தில் லாரியை ஓட்டி வந்துகொண்டிருந்தான். சட்டைப்பையில் போன் அலறியது. ஸ்பீக்கரைப் போட்டான்.

“ஏலே சுருளி, தொலஞ்ச பொட்டிக்கு உசுரு வந்துருக்குடா! ஒனக்குப் பின்னாலயே வருது. எவன் வண்டி அது?”

கண்ணாடியில் பார்த்தான். ஈரத் தார்ச்சாலை மட்டும்தான்.

“ஒரு வண்டியும் இல்லீங்க மொதலாளி.”

“கண்ணு அவிஞ்சா போச்சு? ஆளு நடக்குற மாதிரி வருது. மெதுவாப் போ. மூட்டை கெடச்சா ஒங் கடன் தீந்துச்சு.”

மெதுவாகப் போகத்தான் அவனுக்குப் பயம். அன்றைக்கு இதோ இந்த வளைவில் பின்பக்கம் ஓர் ஆளின் கனம் ஏறி அமுங்கியதும், தார்ப்பாய் கிழிபட்ட சத்தமும், ஆத்திரத்தில் அவன் பிரேக்கை ஓங்கி மிதித்ததும், மூட்டையோடு ஓர் அலறல் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போனதும், நிற்காமல் அவன் வண்டியைக் கிளப்பியதும் பூமாரிக்குக்கூடத் தெரியாது.

வாசம் வந்தது. காய்ந்த ஏலக்காய் வாசம் இல்லை. நனைந்து, முளைவிட்டு, அடியில் வேறெதுவோ அழுகிய வாசம்.

பின்பக்கம் அமுங்கியது.

“ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிருச்சு! வண்டிலதாண்டா இருக்கு!”

தார்ப்பாய் மேல் ஏதோ ஊர்ந்தது. முன்னால் வந்தது. தலைக்கு மேலே நின்றது. முன்கண்ணாடியில் சேற்றுத்தண்ணீர் வழிந்தது.

இடதுபக்கக் கதவு திறந்தது.

மூட்டை உள்ளே வந்தது. அதைக் கட்டிப்பிடித்திருந்த கைகளும் வந்தன. தோல் கழன்ற கைகள். நகம் நிறைய மண்.

“கெடச்சுச்சாடா?”

“கெடச்... கெடச்சிருச்சு மொதலாளி.”

“அல்ஹம்துலில்லாஹ்! ஒங் கணக்கு முடிஞ்சதுலே. இனி ஒத்தப் பைசா தர வேணாம். சிரிச்சுக்கிட்டே வா.”

ஒரு கை மூட்டையை விட்டது. ஸ்டியரிங் மேலிருந்த அவன் கையைப் பிடித்தது.

ஈரம். குளிர்.

வளைவு இன்னும் முடியவில்லை. கை மெல்லத் திருப்பியது, பள்ளத்தின் பக்கம்.