பாக்கெட்காரியின் சட்டைக் கட்டு

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். திருடியவளைக் கண்டுபிடித்தவளே தலைகுனிந்து நின்ற கதை.

ஒரு தையல் கூடம். அங்கே சட்டைக்குப் பை தைப்பவளைப் பாக்கெட்காரி என்றே கூப்பிடுவார்கள். மஞ்சள் காமாலையில் படுத்தவள், இப்போதுதான் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்கிறாள். "அவ பங்குச் சட்டை நாளன்னிக்குச் சாயங்காலம் வரலேன்னா, அந்த மெஷினுக்கு வேற ஆள்தான்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் மூன்று பேர் அவள் வேலையைப் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அண்ணன், காலர் தைக்கும் பெண், சட்டைக்குக் கை தைக்கும் வாய்ப்பூட்டு. பேச்சே எழாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். தைத்து முடித்ததை, அந்தக் கூடத்து வழக்கப்படி பை வெளியே தெரிய மடித்து, பாக்கெட்காரியின் கூடையில் வைக்க வேண்டும்.

கெடு நாளன்று காலை எட்டு மணி. கூடை காலி.

முதலில் பார்த்தவள் தையலைச் சரிபார்க்கும் அக்கா. பூதக்கண்ணாடி என்பார்கள். தையலைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவாள்.

"கடைசியா பார்த்தது யாரு?"

"நான்தான்மா," என்றார் காஜா அண்ணன். "நேத்து சாயங்காலம் மூணு பேரோடதையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். என்னை ஏன் அப்படிப் பார்க்கறே? அதுல ஒண்ணாவது என் தொப்பைக்குப் பத்துமா?"

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? வாய்ப்பூட்டு மட்டும் மார்ப்பக்கத்தை உள்ளே வெச்சு மடிச்சிருந்தா. அழுக்குப் படாம இருக்கட்டும்னு செஞ்சிருப்பா."

காலர் பெண் வெடுக்கென்று சொன்னாள்: "முதலாளியைக் கேளுங்கக்கா. புது ஆளைப் போட அவருக்குத்தான் ஆசை."

"காலையில கதவு திறந்தப்போ யார் இருந்தது?"

"முதலாளி. அவர் பின்னாடியே வாய்ப்பூட்டு."

"நீ ஏதாவது பார்த்தியா?"

"இல்லக்கா." வாய்ப்பூட்டு நிமிரவில்லை.

பூதக்கண்ணாடி மெஷின்களுக்கு அடியில் தேடினாள். அலமாரிக்குப் பின்னால் கைவிட்டாள். கடைசியில் வெட்டுத்துணிச் சாக்கைக் கவிழ்த்தாள். கட்டு விழுந்தது. சுத்தமான துணியில் பதமாகச் சுற்றியிருந்தது.

"விக்கறதுக்கு எடுத்திருந்தா வெளியே போயிருக்கும். கெடுக்கறதுக்குன்னா எண்ணெய்த் தரையில கிடந்திருக்கும். இது பத்திரமா இருக்கணும், ஆனா என் கண்ணுல மட்டும் படக் கூடாது." கயிற்றை அவிழ்த்தாள். "பை தைச்சவ அதை வெளியே காட்டித்தான் மடிப்பா. உள்ளே மடிச்சா, அங்கே காட்ட ஒண்ணும் இல்ல."

ஒரு சட்டையை உதறினாள். பை குண்டூசியில் தொங்கியது. அடுத்ததும் அப்படியே.

"ஏண்டி, நோயாளிக்கு ஒரு கை கொடுக்க உனக்கு மனசு வரலியா?"

கூடமே அவளைப் பார்த்தது. வாய்ப்பூட்டின் முகம் கறுத்துவிட்டது.

"வரலக்கா," என்றாள். "போன மழைக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன். யாரு எனக்குத் தைச்சீங்க? ஜன்னலோரம் இருந்த என் மெஷின்ல வேற ஆள் உக்காந்தாச்சு. அந்த ஆத்திரத்துல தைக்காமலே கூடையில வெச்சுட்டேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்கல. காலையில வந்து தைச்சுடலாம்னு பார்த்தேன், முதலாளி நகரவே இல்ல. வெக்கத்துல, அவர் திரும்பின நேரம் கட்டோட ஒளிச்சுட்டேன்."

காலர் பெண் தான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர மெஷினிலிருந்து மெல்ல எழுந்தாள்.

பூதக்கண்ணாடிக்கு நெஞ்சில் முள் தைத்தது. 'மெஷின் ஏன் சும்மா கிடக்கணும்' என்று அன்று முதலாளியிடம் எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

"என் கை இல்லேன்னு கண்டுபிடிச்சீங்க, சரி," என்றாள் வாய்ப்பூட்டு. "இதுல உங்க கை எங்கேக்கா?"

சரிபார்ப்பவளுக்குத் தையலில் பங்கு கிடையாது என்று தனக்குத் தானே சொல்லி ஒதுங்கியிருந்தாள் அவள். அந்தச் சாக்குப்போக்கு இப்போது அவளுக்கே எடுபடவில்லை. பாக்கெட்காரியின் மெஷினில் போய் உட்கார்ந்தாள். தைத்துப் பல வருஷமாயிற்று. நூல் கோக்கவே நாலு தரம் முயல வேண்டியிருந்தது. எப்படியோ ஒரு பையை ஓட்டி முடித்தாள்.

வாய்ப்பூட்டு அருகே வந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கோணல்," என்றாள். "பிரிங்க. நான் குண்டூசி குத்தித் தரேன், நீங்க ஓட்டுங்க."

பூதக்கண்ணாடி பிரித்தாள். நிமிர்ந்து பார்க்கத்தான் அவளுக்கு முகமில்லை. சாயங்காலம் முதலாளி வந்தபோது கட்டு முழுசாக இருந்தது.

போய் வாங்க கண்ணுங்களா. உங்க வீட்டில் யாரும் படுக்காமல் இருக்கட்டும். படுத்தாலும், அவங்க இடத்தை யாரும் பறிக்காமல், எழுந்து வரும்வரை பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கட்டும். அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவராக, நல்லா இருங்க.