ஃபிராங்க்ஃபர்ட்டில் கிழிந்த உறை

தேவராஜின் செகந்திராபாத் வீட்டில் உட்கார்ந்து ஜெனிட்டா சொன்னதைக் கேட்கக் கேட்கச் சம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டார். வங்கி மோசடிகளைத் துருவி விசாரித்து ஓய்வுபெற்ற தேவராஜோ முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டுச் சம்பந்தத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஜெனிட்டாவும் ஜெயராமும் மாதாப்பூரில் ஒரே மென்பொருள் கம்பெனி. வேலையாக ஃபிராங்க்ஃபர்ட் போனபோது, கம்பெனி இருவருக்கும் யூரோ ஏற்றிய பயண அட்டை கொடுத்தது. அது தொலைந்தால் எடுக்க ஒரு மாற்று அட்டையும், அதன் ரகசிய எண்ணும், ஒட்டிய தனி உறையில். ஜெயராமின் மாற்று அட்டையைப் போட்டு யாரோ அங்கே பணம் முழுவதையும் உருவிவிட்டார்கள். ஊர் திரும்பியதும் ஆபீஸே பார்த்திருக்க ஜெனிட்டாவின் மேஜை டிராயரைக் குடைந்தார்கள். அட்டை அதில் கிடந்தது.

“ராஜினாமா எழுதிக் கொடுத்தா போலீஸுக்குப் போகமாட்டாங்களாம், அங்கிள். எழுதினா திருடின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி,” என்றாள்.

மறுநாள் ஜெனிட்டாவோடு கம்பெனிக்குப் போன இருவரிடமும் மேலாளர் அறையில் ஜெயராம் தேனாகப் பேசினான். மாற்று அட்டையின் உறையை ஊரில் பிரிக்கவே இல்லையாம். ஒட்டியது ஒட்டியபடி கொண்டுபோனானாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒருநாள் பெட்டியைத் திறந்தால் உறை கிழிந்து கிடந்ததாம். பக்கத்து அறையில் தங்கியிருந்தவள் ஜெனிட்டாதானாம். தேவராஜ் டிராயரில் கிடைத்த அந்த அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புடைத்த எண்களின் இடுக்கில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. உதட்டுச் சாயமோ என்று சம்பந்தத்துக்குப் பக்கென்றது.

அங்கிருந்து மல்காஜ்கிரியில் ஜெயராமின் வீடு. அவன் அம்மா பட்டு, காபி கொடுத்துவிட்டுப் பிள்ளையின் பெருமையை நிறுத்தாமல் பேசினாள். அவன் ஃபிராங்க்ஃபர்ட் கிளம்பும் முன் எல்லாவற்றையும் சுவாமியிடம் வைத்துக் கும்பிட்டீர்களா என்று மட்டும் தேவராஜ் கேட்டார்.

“வெக்காம அனுப்புவேனா? பாஸ்போர்ட், டிக்கெட், ரெண்டு கார்டு, எல்லாத்துக்கும் குங்குமம் இட்டேன். ஒரு கார்டு கவர்ல இருந்தது. கவருக்கா பொட்டு வெக்கறது, பிரிச்சுக் குடுடான்னேன்.”

சம்பந்தம் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாவம், பெற்றவள்.

மாலை எல்லோரையும் மேலாளர் அறையில் உட்கார வைத்து தேவராஜ் நிதானமாகச் சொன்னார்.

“உறை ஃபிராங்க்ஃபர்ட்ல கிழியல, தம்பி. மல்காஜ்கிரியில, உங்கம்மா முன்னால நீங்களே பிரிச்சீங்க. குங்குமத்தை மேலால துடைச்சீங்க, இடுக்குல நின்னுடுச்சு. திருட்டுன்னு காட்ட உங்ககிட்ட இருந்தது அந்தக் கிழிஞ்ச உறை ஒண்ணுதான். அதான் பொய் சொன்னீங்க. இன்னொண்ணு. காலியான அட்டையை ஜெனிட்டா எதுக்கு ஊர் வரைக்கும் சுமந்துட்டு வரணும்? அங்கேயே குப்பையில போட்டிருக்கலாமே.”

அம்மாவை இதில் இழுக்காதீர்கள் என்று முனகினான் ஜெயராம். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பணத்தை அங்கே சூதாட்டத்தில் விட்டிருந்தான். அடுத்த இரண்டு வருட ஃபிராங்க்ஃபர்ட் வேலைக்கு ஜெனிட்டாதான் போட்டி. அட்டையை அவள் டிராயரில் போட்டவனும் அவன்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்திருக்கிறான். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அங்கே தவித்தவனுக்குத் தினமும் ரசம் சாதம் போட்டவள் அவள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனின் முகத்தைச் சம்பந்தம் அன்றுதான் நேரில் பார்த்தார். சீ என்றிருந்தது.

அதைவிட அருவருப்பு அடுத்து வந்தது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வெளியே தெரிந்தால் கம்பெனி பெயர் கெடும், ஜெயராம் சத்தமில்லாமல் விலகட்டும், ஃபிராங்க்ஃபர்ட் ஜெனிட்டாவுக்கே என்றார்.

ஜெனிட்டா எழுந்து கதவைத் திறந்தாள்.

“எல்லாரும் இன்னும் சீட்லதான் இருக்காங்க, சார். என்னைத் திருடின்னு சொன்ன அதே சத்தத்துல, இல்லைன்னும் சொல்லுங்க.”