இரண்டு பேராக மூச்சுவிட்டவர்கள்

கடலடியில் இருந்த சிப்பிநகரில் மூச்சுக்காற்றைப் பங்கிடுவது ஒழுங்கி. ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர்களைப் படித்து, தலைக்கு இவ்வளவு என்று காற்றுக்குழாய்களைத் தானே திருகிவைக்கும் இயந்திரம் அது. காற்றை உண்டாக்கும் வளியாக்கியோ ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் புயலில் அழிந்த கரையோர ஊர் ஒன்றின் சனம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு நீர்மூழ்கிகள் வாசலில் வந்து நின்றன. எண்ணிக்கையில் கிட்டத்தட்ட இன்னொரு சிப்பிநகர்.

"காற்றுக்கு எங்கே போறது? திருப்பி அனுப்பிருவோம்" என்றார் நகரத் தலைவர் ஞானதிரவியம்.

ஒழுங்கியின் நிரலைப் பராமரிக்கும் எஸ்தர், "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க ஐயா. எங்கேயோ கணக்கு உதைக்குது" என்றாள்.

காற்றுமானியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு முத்துக்குளிக்கும் ரூபனுடையது. மானி இரண்டு ஆளுக்கான காற்றைக் காட்டியது.

"அண்ணே, உங்களோட வேற யாராவது இருக்காங்களா?"

"நான் ஒண்டிக்கட்டைம்மா. எதுக்குக் கேக்க?"

கதவில் பெயர் ஒளிர்ந்தது: தா. ரூபன். புள்ளிக்கும் பெயருக்கும் நடுவே சிறு இடைவெளி. எஸ்தர் வந்த வழியே ஒழுங்கியிடம் ஓடினாள்.

அவள் நினைத்தது சரி. நிரல், பெயரை இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் அதற்கு ஓர் ஆள். 'தா' ஒருவர், 'ரூபன்' ஒருவர். இனிஷியல் இல்லாதவர் ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஒருவர் பெயரையும் அடுத்தவர் பெயரையும் பிரிக்கும் காற்புள்ளி வந்தால் மட்டும் வெட்டு என்று அந்த ஒரு வரியை மாற்றினாள். முதலில் தன் வீட்டில் ஓட்டிப் பார்த்தாள். குழாய் பாதிக்குத் திரும்பிச் சரியாக நின்றது. பிறகு ஊருக்கே ஓட்டினாள். வளியாக்கியின் இரைச்சல் பாதியாகத் தணிந்தது. தெருவில் கைதட்டல் எழுந்தது. வாசல் திறந்து, நனைந்த மூட்டைகளோடு சனம் உள்ளே வந்தது. வளியாக்கி மறுபடி முழு வேகம் பிடித்தது.

இரண்டாம் நாள் ஊரே கொட்டாவி விட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது. சிப்பிநகர்க்காரர்கள் சுறுசுறுப்புக்குப் பேர்போனவர்கள். அது தங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று பெருமை பேசுவார்கள். தலைக்கு இவ்வளவு காற்று போதும் என்று அளவு வகுத்தவர் ஞானதிரவியம். அந்த அளவில் இதுவரை யாரும் மூச்சுவிட்டுப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் அவரே எஸ்தரைத் தேடி வந்தார். உட்கார்ந்து, மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் பேச முடிந்தது.

"எம்மா, அந்தப் பிழையை மறுபடி போட முடியுமா?"

"முடியும் ஐயா."

"ஊருக்கெல்லாம் வேண்டாம். என் பேருக்கு மட்டும்."

எஸ்தர் ஒழுங்கியின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். புதிதாக வந்தவர்களின் பெயர்களும் சேர்ந்து அது நிரம்பியிருந்தது.

"எந்த வீட்டுக் குழாயைக் குறைக்கணும்னு நீங்களே சொல்லிருங்க."

ஞானதிரவியம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெயர் வரை படித்துவிட்டு, மறுபடி முதல் பெயருக்கு வந்தார். எழுந்து போகவில்லை.