நீர்மட்டம்

“அத்தான், இன்னும் கடல்தான் கீறுறியளோ? படத்தில ஆள் ஒருத்தரையும் கீறமாட்டியளோ!”

“ஆக்கள் அசையாமல் நிக்கோணுமே மச்சான். கடலெண்டால் அசைஞ்சாலும் பிழை தெரியாது.”

ஜெயரூபனின் சிரிப்பு தொலைபேசியில் கரகரத்தது. பிறகு தொடர்பு அறுந்தது. வன்னியிலிருந்து பாலேந்திராவின் மனைவி அருள்நாயகியின் தம்பி கடைசியாகப் பேசியது அதுதான், மார்ச் மாதம். போர் முடிந்துவிட்டதென்று டிவி சொல்லி இன்றோடு ஆறு நாள்.

இன்று பாலேந்திராவுக்கு அளவு பிழைத்தது.

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் மீன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, யாரிடமும் படிக்காமல் கடலைக் கீறிப் பழகியவன் அவன். தெளிந்த நீர் மட்டும் எத்தனை தடவை முயன்றாலும் சேறாகவே வந்தது. அதற்காகத்தான் பழைய சாமான் சந்தையில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு விக்டோரியா காலத்து அச்சுப்படத்தை வாங்கினான்: இங்கிலாந்து ஆறு, சாய்ந்த மரங்கள், முதுகு காட்டித் தூண்டில் போடும் ஐந்து பேர். தூரிகைக் காம்பைக் கண்ணாடிமேல் வைத்து, கட்டைவிரலால் அளந்து பிரதி செய்வது அவன் வழக்கம். நேற்று நீர் அவர்களின் முழங்காலில் நின்றது. இன்று இடுப்பில்.

“இஞ்சாரும், இந்தப் படத்தில தண்ணி ஏறுது.”

“கண்ணை டொக்டரிட்டக் காட்டுங்கோ.”

குசினி அடுப்பருகே அருள்நாயகி வன்னி அகதி முகாமிலுள்ள யாரோ ஒருவரின் எண்ணை மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். அங்கிருந்து முந்தாநாள் அவனுக்கு மட்டும் செய்தி வந்திருந்தது: கடலோரக் களப்பு நீரைக் கடக்கையில் ஜெயரூபன் தண்ணீரோடு போய்விட்டான். எப்படிச் சொல்வது? தம்பியின் படத்துக்கு விளக்கு வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டுப் புஷ்பராணியை, “உயிரோட இருக்கிறவனுக்கு விளக்கோ? திரும்பிப் போ!” என்று வாசலோடு அனுப்பியவள் அவள். இரண்டு நாளாக அவள் போனை எடுக்கும்போதெல்லாம் அவன் தூரிகையை எடுத்தான்.

மாலை எட்டு மணிக்கும் அடங்காத வெயில் படத்தில் விழுந்தது. ஈரக் காகித வாசனை. அதற்கடியில் உப்பும் சேறும் கலந்த களப்பின் வாசனை. எரிச்சலோடு துணியால் கண்ணாடியைத் துடைத்தான். மீண்டும் காம்பை வைத்தான்.

மார்பு.

மீண்டும்.

கழுத்து.

தூண்டில்கள் இல்லை. தலைகள் மட்டும். ஐந்து.

இல்லை, ஆறு.

ஆறாவது தலை முதுகு காட்டவில்லை. அது அவனையும் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, குசினியைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. நீர் உதட்டைத் தொட்டது. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக ஒட்டின.

“நாயகி,” என்றான் பாலேந்திரா. “போனை வை. தம்பிக்கு விளக்கை ஏத்து.”