நார்மல்

குத்தியாயிற்று, ரத்தம் வரவில்லை.

பூர்ணிமா இடது கை மோதிர விரலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். லான்செட் ஊசி இறங்கிய இடத்தில் எள்ளளவு பள்ளம் தெரிந்தது. சுருக்கென்று வலித்ததும் நிஜம். பிதுக்கினாள். விரல் நுனி வெளுத்தது, அவ்வளவுதான். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்ற, ஸ்பிரிட் வாசனையும் கழுவுதொட்டியின் பினாயில் வாசனையும் உப்பளம் பக்கத்திலிருந்து வரும் கடல்காற்றின் பிசுபிசுப்பும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, அவளுக்கு முன்னால் இருபது பேர் வெள்ளைக் கோட்டோடு தலைகுனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை.

2006 ஏப்ரல். பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ், கடைசி வருஷப் பிராக்டிகல் பரீட்சை. பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் எழுந்து போனால் ஆப்சென்ட். அப்புறம் டிகிரி ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஜூன் மாதம் சேரச் சொல்லியிருக்கும் முதலியார்பேட்டை லேப் வேலையும் கை நழுவிவிடும். இத்தனைக்கும் கேள்வி ரொம்பச் சாதாரணம். உன் ரத்தத்தை எடு, ஹீமோகுளோபின் எவ்வளவென்று சொல்.

உன் ரத்தத்தை! அங்கேதான் இடித்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடப் பூர்ணிமா தன் விரலைக் குத்திக்கொண்டதில்லை. ஊசியைக் கண்டாலே உள்ளங்கால் கூசும் மகராசி, ரத்தம் பார்க்கும் படிப்புக்கு ஏன்தான் வந்தாளோ! வகுப்பில் பக்கத்து ஸ்டூலில் தோழி துர்கா இருந்தாள், அதனால் பூர்ணிமா தப்பித்தாள்.

"பயந்தாங்கொள்ளி, என்னுத எடுத்துக்கடி. எனக்கு என்னா கொறஞ்சா போயிடப் போவுது?" என்று விரலை நீட்டுவாள் துர்கா.

முறை பழையது. மெல்லிய கண்ணாடிக் குழாய். அதன் ஒரு முனையில் நீளமாக ரப்பர் டியூப். குழாயின் நுனியை ரத்தத் துளியில் வைத்து, டியூபை வாயில் கவ்வி, இருபது என்று போட்ட கோடு வரை மெள்ள உறிஞ்ச வேண்டும். அதை ஆசிடில் விட்டு, தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிறம் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். வேகமாக இழுத்தால் வாய்க்குள்ளேயே வந்துவிடும். முதல் வருஷம் அப்படி வந்ததைப் பூர்ணிமா பதற்றத்தில் விழுங்கியே விட்டாள். "ருசியா இருந்துச்சாடி?" என்று தேங்காய் எண்ணெய் தடவிய பின்னல் ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் துர்கா.

கடைசி வருஷம் துர்காவின் ரத்தத்தில் அளவு குறைய ஆரம்பித்தது. எட்டு வந்தது. அப்புறம் ஏழு. டிசம்பரில் ஐந்தரை. ரெகார்டு நோட்டில் அப்படி எழுதினால் திரும்பச் செய்யச் சொல்வார்கள், பஸ் போய்விடும். எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: புத்தகத்தில் போட்டிருக்கும் நார்மலைப் பார்த்துப் பன்னிரண்டு புள்ளி நாலு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். துர்காவிடம் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது துர்கா பாதியில் நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தாள், அப்போதும் சொல்லவில்லை. ஆசிட் சரியில்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

பிப்ரவரியில் துர்கா போய்விட்டாள். ரத்தத்தில் என்னவோ கோளாறாம். நாலு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். குருசுக்குப்பத்து வீட்டில் அவள் அம்மா தனம், பூர்ணிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ரத்தம் டெஸ்ட் பண்ற படிப்புதானம்மா படிக்கிறீங்க? ஒருத்திக்குமா தெரியல?"

பூர்ணிமா இல்லையென்று தலையாட்டினாள். பாவி, தலையாட்டினாள்.

இப்போது நடுவிரலைக் குத்தினாள். வரவில்லை. ஆள்காட்டி விரல். வரவில்லை. லான்செட் உறைகள் மூன்று பிரித்துக் கிடந்தன.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் நாராயணசாமி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"ரத்தம் வரல சார்."

"பயத்துல விரல் சில்லிட்டுப் போயிருக்கும். கையக் கீழ தொங்கப் போடு, தானா வரும்." நாலு பேரிடம் சொல்லும் யோசனையை இவளிடமும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இடது கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது. யாரோ கண்ணாடிக் கோலால் கலக்கும் சத்தம் கிணுகிணுவென்று கேட்டது. மேசைக்குக் கீழே மட்டும் காற்று ஜில்லென்று இருந்தது, ஃப்ரிட்ஜ் திறந்த மாதிரி. தேங்காய் எண்ணெய் வாசனை லேசாக வந்தது. பக்கத்து ஸ்டூல் காலி. இரண்டு மாதமாகவே காலி.

ஏதோ ஒன்று அவள் விரலைப் பிடித்தது.

இறுக்கமாக இல்லை. பழகிய பிடி. விரலின் அடியிலிருந்து நுனிவரை பதமாக நீவிவிட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. கத்த வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. கையை வெடுக்கென்று மேலே இழுத்தாள்.

விரல் நுனியில் ரத்தம். பெரிய, உருண்டையான துளி.

ஐயோ, வந்துவிட்டதே! அந்த ஒரு நொடி அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. டிகிரி தோன்றியது, வேலை தோன்றியது. வலது கையால் குழாயை எடுத்து நுனியைத் துளியில் வைத்தாள். ரப்பர் டியூபின் மறுமுனையைக் கவ்வத் தேடினாள்.

மேசைமேல் இல்லை. டியூப் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

அவள் வாய் வைக்கவில்லை. ஆனாலும் ரத்தம் ஏறியது.

பத்து. பதினைந்து. இருபது.

இருபதில் நிற்கவில்லை.

குழாயை எடுக்கப் பார்த்தாள். விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டைவரை நரம்பு சுண்டியது. கண்ணாடி முழுக்கச் சிவந்தது. ரப்பர் டியூப் மெள்ளக் கருத்துக்கொண்டே கீழே போனது. எழுந்து ஓடச் சொன்னது மனசு. கால் கேட்கவில்லை. குரலும் இல்லை. அட்டெண்டர் கன்னியப்பன் சாத்திய கதவில் சாய்ந்து கொட்டாவி விட்டார். பார்வை அவள்மேல்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாராயணசாமி திரும்பி வந்தார். குனிந்து குழாயைப் பார்த்தார்.

சார், சார், சார். உதடுகூட அசையவில்லை.

"பாத்தியா, வந்துடுச்சு. இதுக்குப் போய் முகமெல்லாம் வெளுத்துக் கிடக்க." மேசைமேல் திறந்திருந்த ரெகார்டு நோட்டைப் புரட்டினார். "எல்லாம் நார்மல்தான். தைரியமா செய்." கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சுவர்க்கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். முன்னால் இருந்தவர்களின் முதுகுகள் மங்கலாயின. காதுக்குள் ஊய்யென்று ஒரு சத்தம்.

அவள் மடிமேல் ஒரு பாரம் சாய்ந்தது.

ஒரு தலை. நன்றாக எண்ணெய் தடவிப் பின்னிய தலை. கோட்டுத் துணியையும் தாண்டித் தொடையில் ஜில்லிட்டது. அது சாவகாசமாகக் கன்னத்தை வாகாக வைத்துக்கொண்டது, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி. விழுங்கியது. மூச்சு வாங்கியது. மறுபடி விழுங்கியது.