வளைவில் சாயாத வண்டி

வாத்தியார் தன் பழைய பைக்கைக் குட்டி வேனில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். கஃபே ரேசராக மாற்றித் தர வேண்டும் என்றார். தாழ்ந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், ஒற்றை சீட்டு. மெக்கானிக்குக் கை துறுதுறுத்தது. இப்படி ஒரு வேலை கிடைத்து வெகு நாளாகியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. பின்னாடி யாரும் உட்கார இடமே இருக்கக் கூடாது."

கஃபே ரேசர் என்றாலே அதுதானே என்று மெக்கானிக் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை.

பின்பக்க ஃபிரேமை அறுத்து, வளைத்த குழாயைப் பற்றவைத்தார். பின்னால் கால் வைக்கும் கம்பிகள் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின. மெக்கானிக்கின் மனைவி ஒற்றை சீட்டுக்குத் தோல் தைத்தாள். முதுகுப் பக்கம் ஒரு சின்னத் திமில், அதற்குப் பின்னால் வெறும் காற்று. மூன்று வாரத்தில் வண்டி வேட்டைநாய் மாதிரி மெலிந்து நின்றது.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்த முதல் நாளே ஏதோ சரியில்லை. நேர்ச்சாலையில் பறந்த வண்டி வளைவில் சாய மறுத்தது. அவர் இடப்பக்கம் சாய்த்தால் அது வலப்பக்கம் இழுத்தது. ஃபோர்க்கைப் பிரித்து மாட்டினார். டயரையே மாற்றினார். எல்லாம் கச்சிதம். ஆனாலும் வளைவு வந்தால் அதே முரண்டு. அந்த முரண்டு அவருக்குப் பழக்கமானதுதான். பைக்கில் போய்ப் பழகாத ஆள் பின்னால் உட்கார்ந்து, விழுந்துவிடுவோமோ என்று எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் இப்படித்தான் இழுக்கும்.



நான்காம் நாள், பட்டப்பகலில், ஆற்றோர வளைவில் வேகத்தைக் குறைத்தார். இஞ்சின் சூட்டோடு ஈரத்துணி வாசனை வந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

இடுப்பை இரண்டு கைகள் பிடித்தன.

வளர்ந்த ஆளின் கைகள். நடுங்கின.

"மெதுவா" என்றது பிடரிக்குப் பின்னால் ஒரு குரல்.

வண்டியை எப்படிப் பட்டறை வரை கொண்டுவந்து சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று மாலையே வாத்தியாரை வரச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னார். கேலி செய்வார் என்றுதான் நினைத்தார். வாத்தியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தம்பியாம். தினமும் அண்ணனின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவன். வளைவென்றால் பயம். ஒரு மழைநாளில் அவன் மெதுவாப் போ, மெதுவாப் போ என்று கெஞ்சக் கெஞ்ச, பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே இவர் ஆக்சிலேட்டரை முறுக்கியிருக்கிறார். வண்டி சறுக்கியது. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தம்பி எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் எப்போது ஓட்டினாலும் இடுப்பில் அந்தக் கைகள்.

"இடமே இல்லேன்னா போயிடுவான்னு நெனச்சேண்ணே."

 வண்டியை இங்கேயே துண்டு துண்டாக அறுத்துவிடட்டுமா என்று மட்டும் மெக்கானிக் கேட்டார். வாத்தியார் எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"வேணாம். அப்புறம் அவன் எங்க போவான்?"

ஸ்டார்ட் செய்யாமல் உருட்டிக்கொண்டே புறப்பட்டார். மெக்கானிக்கும் மனைவியும் வாசலில் நின்று பார்த்தார்கள். தெருமுனையில் வாத்தியார் நின்றார். ஹேண்டில்பாரை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பிறகு காத்திருந்தார்.

வண்டியின் பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் மெல்ல அமுங்கின.

மனைவி மெக்கானிக்கின் கையைப் பற்றினாள். வாத்தியார் மீண்டும் உருட்டத் தொடங்கினார். முன்னைவிடச் சிரமப்பட்டு, முதுகை வளைத்து.

அமுங்கிய ஸ்பிரிங்குகள் நிமிரவே இல்லை.